அந்த ரைபிளை வாங்காதே, மாப்பிள்ளை

சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாப்பிள்ளை கதிரவனுக்கு,

மாமா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. வாசகசாலைக் கமிட்டியிலும் நீ வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வாசகசாலையில் வைக்கச் சொல்லி வியாபாரி ஒருவர் விற்க வந்திருக்கும் அந்த ரைபிளுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதே. அது நேதாஜி படையில் இருந்தது இல்லை, இருந்திருக்கவும் முடியாது. நேதாஜி மறைந்து பல வருஷம் கழித்துச் செய்த துப்பாக்கி அது. யாரோ அதன் உடம்பில் பழைய முத்திரையைக் குத்தி, உங்கள் ஊர்க்காரர்களின் தாத்தாக்கள் மேல் உங்களுக்கு இருக்கும் பாசத்தை விலைபேச வந்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அதில்தான்.

போல்ட்டில் ஒரு நம்பர், மூக்குப் பகுதியில் வேறு நம்பர் இருக்கிறதே, அதனால் போலியா என்று கேட்டிருந்தாய். நம்பர் ஒத்துப்போகாதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். என் கண்ணில் முதலில் குத்தியது மேகசின்.

நம்மூரில் போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பழகிய ‘த்ரீ நாட் த்ரீ’ இருக்கிறதே, அந்த .303 தோட்டாவின் பின்முனையில் ஒரு விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். விளிம்புள்ள தோட்டாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் போல்ட்டைத் தள்ளும்போது இரண்டும் மாட்டிக்கொள்ளும். அதனால் அந்த அடுக்கு நேராக நிற்காது, சாயும். அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி மேகசின் பெட்டியின் அடியும் சரிவாக இருக்கும். லீ என்ஃபீல்டு எந்தத் தொழிற்சாலையில் செய்ததாக இருந்தாலும் .303 என்றால் அந்தச் சரிவு உண்டு. உன் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். பெட்டியின் அடி கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கிறது. அது விளிம்பில்லாத 7.62 தோட்டாவுக்குச் செய்த பெட்டி.

அந்த 7.62 ரைபிள் பிறந்த கதை தெரிந்தால் மீதி தானே விளங்கும். 1962இல் சீனாவோடு சண்டை வந்தபோது இந்தியாவிடம் நவீன ரைபிள் போதவில்லை. கல்கத்தாவுக்கு வடக்கே ஈஷாப்பூரில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லீ என்ஃபீல்டு செய்துகொண்டிருந்த தொழிற்சாலை, அதே பழைய அமைப்பை வைத்துக்கொண்டு, இன்னும் உறுதியான எஃகில், 7.62 தோட்டாவுக்கு ஏற்ற ரைபிளை 1960களில் செய்யத் தொடங்கியது. முதலில் வந்தது 2ஏ, அடுத்து வந்தது 2ஏ1. தூரத்திலிருந்து பார்த்தால் தாத்தா காலத்து ரைபிளின் அச்சு அப்படியே இருக்கும். அதே மொட்டை மூக்கு, அதே பித்தளைப் பட்டை வைத்த பின்கட்டை. கல்யாண வீட்டுப் படத்தில் வைத்தால் எனக்கே ஒரு நொடி பிடிபடாது. ஆனால் மேகசினை மறைக்க முடியாது. குறிபார்க்கும் ஏணியையும் மறைக்க முடியாது. பழைய .303இன் பின்பக்கக் குறிப்பலகையில் தூரம் 2000 கஜம் வரை பொறித்திருக்கும். 2ஏ1 வந்தபோது அதை 800 மீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். உன் ஐந்தாவது படத்தில் பலகையின் கடைசி எண் 8. பக்கத்தில் விரலை வைத்து யாரோ பாதி மறைத்திருக்கிறார்கள். ஆனாலும் 8க்கு மேலே வெறும் இரும்புதான் தெரிகிறது.

இனி அந்த முத்திரை. பின்கட்டை வந்து இரும்போடு சேரும் இடத்தில், வலப்பக்கம், ஒரு வளையம்போல் இருக்கிறதல்லவா, ரைபிளின் ஜாதகம் முழுக்க அங்கேதான். மேலே கிரீடம், கீழே ஜி.ஆர்.ஐ., அதற்குக் கீழே ஈஷாப்பூர், வருஷம், மாடல் பெயர். ஜி.ஆர்.ஐ. என்பது ஜார்ஜ் மன்னர் இந்தியாவுக்கும் சக்கரவர்த்தி என்பதைக் குறிக்கும் எழுத்துகள். இங்கிலாந்தில் செய்தவற்றில் வெறும் ஜி.ஆர். மட்டும் இருக்கும். 2ஏ1 என்றால் இந்த இடத்தில் கிரீடமே இருக்காது, ரைபிள் 7.62, 2ஏ1 என்று எழுதி வருஷம் போட்டிருக்கும். நீ அனுப்பிய படத்தில் கிரீடம், ஜி.ஆர்.ஐ., 1942 எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எழுத்தைப் பார்க்காதே, எழுத்து உட்கார்ந்திருக்கும் தரையைப் பார். வளையம் அந்த இடத்தில் மட்டும் லேசாகக் குழிந்திருக்கிறது. ஏற்கெனவே இருந்ததை ராவி எடுத்துவிட்டு, அதன்மேல் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள். இந்திய ராணுவப் பட்டறைகளில் பழுதுபார்த்த ரைபிளின் இரும்பில் கறுப்புப் பெயின்ட் அடிப்பது வழக்கம். இதிலும் அடித்திருக்கிறது. ஆனால் மற்ற இடமெல்லாம் பெயின்ட் தேய்ந்து உதிர்ந்திருக்க, அந்தக் குழியில் மட்டும் தடிப்பாக, புதிதாக மினுங்குகிறது. எண்பது வருஷத்துக் கை வியர்வை பட்ட எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். இந்த 4 என்ற எண்ணின் மூலை விரலைக் கிழிக்கிற மாதிரி நிற்கிறது.

முத்திரை குத்தியவருக்குக் கணக்கும் தெரியவில்லை. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அந்த வருஷம் பிறந்து ஆறு வாரம். வியாபாரி சொல்லும் கதைப்படி, நம் சிப்பாய்கள் சிங்கப்பூரில் ஒப்படைத்து, பிறகு நேதாஜி படையான ஐ.என்.ஏ.வுக்குப் போன துப்பாக்கி இது. ஈஷாப்பூரில் 1942ஆம் வருஷ முத்திரை வாங்கி, சோதனை முடிந்து, கிடங்கு ஏறி, கப்பல் ஏறி, ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த துறைமுகத்தில் இறங்கி, ஒரு பட்டாளத்தான் கைக்கு வந்து, அதை அவன் சரணடையும்போது கீழே வைத்தான் என்றால், இதெல்லாம் அந்த ஆறு வாரத்தில் நடந்திருக்க வேண்டும். 1944இல் இம்பால் பக்கம் பிடிபட்டது என்று சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் பொருந்தும்.

இப்போது உன் நம்பர் கேள்விக்கு வருகிறேன். என் வேலைக்காலம் முழுக்க ராணுவப் பட்டறையில் ஆர்மரராக இருந்தவன் நான். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு.

லீ என்ஃபீல்டில் ஒரே நம்பர் பல இடத்தில் இருக்கும். குழல் வந்து சேரும் இடத்தில், போல்ட் கைப்பிடியின் பின்புறம், மூக்கு வார்ப்பில், குறிப்பலகையின் அடிப்பக்கம், முன்கட்டையின் அடியில். இவற்றில் உயிர்நாடி போல்ட் நம்பர்தான். தோட்டா உட்காரும் அறைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பட்டறையில் அளவு வைத்துப் பார்த்துத்தான் அந்த போல்ட்டை அந்த ரைபிளுக்குக் கொடுப்பார்கள். இடைவெளி கூடினால் தோட்டாக்கூடு பிளந்து சுடுகிறவன் முகத்துக்குப் புகை வரும். அதனால்தான் இரண்டிலும் ஒரே நம்பர் குத்தி வைக்கிறார்கள். மற்ற உறுப்புகள் எல்லாம் கூடிப் பிரியும் ஜாதி. முன்கட்டை உடையும், மூக்கு வார்ப்பு அடிபடும், குழல் தேயும். பட்டறைக்கு வந்தால் இருப்பதைக் கழற்றி இருப்பதில் மாட்டி அனுப்புவார்கள். பழைய நம்பரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புது நம்பர் குத்துவது முறையான ராணுவ வழக்கம். அது நேர்மையான வேலை, ஒளிவுமறைவு இல்லாதது. போலிக்காரன்தான் பழைய நம்பரைச் சுத்தமாக ராவி எடுப்பான்.

வாகன பூஜைக்கு நிறுத்திய பழைய மாட்டுவண்டியில் சக்கரம் ஒரு ஆசாரி செய்தது, நுகத்தடி இன்னொருவர் செய்தது என்று இருக்கும். அதனால் அது நம் வண்டி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. சண்டைக்குப் போய் வந்த ரைபிளும் அப்படித்தான். எண்பது வருஷத்துத் துப்பாக்கி ஒன்று எல்லா உறுப்பிலும் ஒரே நம்பரோடு, கீறலில்லாத கட்டையோடு வந்தால் நான் இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்ப்பேன். ஒன்று அது கிடங்கை விட்டே வெளியே வராததாக இருக்கும், அல்லது யாரோ உட்கார்ந்து நம்பர் குத்தியிருப்பார்கள்.

குறிப்பாகச் சிங்கப்பூரில் இருந்த துப்பாக்கிகள் கலப்பாகத்தான் இருந்திருக்கும். இங்கே சரணடைந்தவர்கள் ஒரே நாட்டுப் படை இல்லை. பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், இந்தியர்கள், மலாய் ரெஜிமென்ட், உள்ளூர்த் தொண்டர் படை எல்லாரும் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் மேல். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை, இங்கிலாந்தின் என்ஃபீல்டு, பர்மிங்காமின் பி.எஸ்.ஏ., நம் ஈஷாப்பூர் என்று எல்லாமே அந்த ஒரு மாடலைச் செய்தவை. ஆஸ்திரேலிய மரக்கட்டைகள் சிலவற்றில் ‘ஸ்லாஸ்’ என்று முத்திரை இருக்கும். டென்னிஸ் மட்டை செய்யும் ஸ்லாசெஞ்சர் கம்பெனிதான் யுத்த காலத்தில் துப்பாக்கிக் கட்டையும் செய்துகொடுத்தது. ஈஷாப்பூர் இரும்பில் லித்கோ மூக்கு மாட்டியிருந்தால் நான் கோபப்பட மாட்டேன். எந்த உறுப்பு எப்போது, எங்கே வந்து சேர்ந்தது என்று யோசிப்பேன். இந்திய அரசின் சொத்து என்பதைக் காட்ட அம்புக்குறியும் அதன் அடியில் ‘ஐ’ எழுத்தும் போடுவார்கள். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால் ராணுவம் அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். இந்த மாதிரிச் சின்னச் சின்னக் குறிகள்தான் உண்மையைச் சொல்லும். வாயால் சொல்லும் கதையை நம்பி எதையும் முடிவு செய்யாதே.

உனக்கு உதவும் என்று இன்னும் இரண்டு சொல்கிறேன், பின்னால் வேறு யாராவது வந்து நின்றாலும் நின்றுவிடுவார்கள். முன்கட்டையில் செம்புக்கம்பி வரிவரியாகச் சுற்றிய ரைபிளைக் காட்டி, ‘போரில் குண்டடி பட்டுப் பிளந்தது, சிப்பாயே கம்பி கட்டினான்’ என்று சொல்வார்கள். அது கையெறி குண்டை ரைபிள் முனையில் வைத்து ஏவுவதற்காகப் பட்டறையிலேயே கட்டையை உறுதிப்படுத்திய வேலை. இன்னொன்று, ஆப்கான் எல்லைப் பக்கம் தர்ரா ஆதம் கேல் மாதிரி ஊர்களில் கைப்பட்டறையில் செய்த நகல்கள். அவற்றில் ‘என்’ எழுத்து இடம்வலமாகத் திரும்பியிருக்கும். 1901இல் இறந்துபோன விக்டோரியா மகாராணியின் முத்திரை போட்டு, கீழே 1910க்கு மேற்பட்ட வருஷம் இருக்கும். எழுத்து தெரியாமல் படத்தைப் பார்த்துச் செதுக்கிய கைகள் அவை. நல்ல கைத்திறன்தான், ஆனால் வாசகசாலையில் வைக்க அது நமக்கு வேண்டாம்.

ஜப்பான் ரைபிள் என்று யாராவது கொண்டுவந்தால் மேலே சாமந்திப்பூ முத்திரையைப் பார். பதினாறு இதழ். யுத்தம் முடிந்து ஒப்படைத்தபோது பலவற்றில் மன்னர் சின்னம் என்று அதை ராவிவிட்டார்கள். ராவியிருப்பதே ஒரு சாட்சிதான்.

போன வாரம் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு, கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் ஒரு நடை போய்விட்டு, அப்படியே ஃபேரர் பார்க் வரைக்கும் நடந்தேன். உன் கடிதம் மனசில் ஓடிக்கொண்டிருந்ததால்தான். சரணடைந்து இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17, இந்தியச் சிப்பாய்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அந்த மைதானத்தில் கூட்டினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் ஹன்ட் அவர்களை ஜப்பானிய அதிகாரி மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார், ஃபுஜிவாரா ஐ.என்.ஏ.வை அமைத்த கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் கையில் ஆயுதம் இல்லை. பிறகு ஐ.என்.ஏ.வுக்குக் கிடைத்ததெல்லாம் பிரிட்டிஷ் படையிடமிருந்து ஜப்பான் கைப்பற்றி வைத்திருந்த சரக்குதான். அதனால்தான் சொல்கிறேன், ஐ.என்.ஏ.வுக்கென்று தனி ரைபிள் கிடையாது. அவர்கள் குத்திய தனி முத்திரை ஒன்றையும் நான் எந்த ரைபிளிலும் கண்டதில்லை. ‘ஐ.என்.ஏ. ரைபிள்’ என்று இரும்பை மட்டும் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. இன்ன ஆள் கையில் இருந்து இன்ன இடத்தில் பிடிபட்டது என்று அந்தக் காலத்துக் காகிதம் கூடவே வந்தால்தான் உண்டு.

காகிதம் வர வழியும் குறைவு. 1945 மே மாதம் ரங்கூனில் நம் தமிழர் மேஜர் ஜெனரல் லோகநாதன் பொறுப்பில் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான வீரர்கள், ஊரில் கொள்ளை நடக்காமல் காவல் காத்து, பிறகு பிரிட்டிஷ் படையிடம் தங்களையும் ஆயுதங்களையும் ஒப்படைத்தார்கள். சிங்கப்பூரில் ஆகஸ்டில் நேதாஜி புறப்பட்டுப் போனபின் மேஜர் ஜெனரல் கியானி பொறுப்பில் இருந்தார்; இங்கேயும் செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதோடு எல்லாம் முடிந்தது. எஸ்பிளனேடு பக்கம் கடலைப் பார்த்து ஜூலையில்தான் அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். கல்லையே விட்டுவைக்காதவர்கள் துப்பாக்கியை யார் கையில் விட்டிருப்பார்கள்? முகாமிலிருந்து விசாரணைக்குப் போய், கப்பலில் ஊர் வந்த எந்தச் சிப்பாயும் தோளில் ரைபிளோடு இறங்கவில்லை. கட்டிய துணியோடு வந்தார்கள். உங்கள் ஊரில் பரண்மேல் இருந்து எடுத்த துப்பாக்கி என்று யாராவது சொன்னால், முதலில் அந்தப் பரணுக்கு அது எப்படி ஏறியது என்று கேள்.

சட்டத்தையும் நினைவில் வை. .303, 7.62 இரண்டுமே இந்தியாவில் தடை செய்த அளவு; உரிமம் இல்லாமல் வாசகசாலையில் வைத்தால் உன்மேல்தான் வழக்கு வரும். ‘செயலிழக்கச் செய்தது’ என்று வியாபாரி வாயால் சொல்வது போதாது. பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கிய ரைபிளில் டி.பி. என்று முத்திரை போட்டு, குழலின் அறையில் துளை போட்டிருப்பார்கள். உன் படங்களில் எங்கும் துளை தெரியவில்லை. அப்படியானால் அது சுடக்கூடிய துப்பாக்கி. போய்ப் பார்க்கவும் வேண்டாம், கையால் தொடவும் வேண்டாம். அந்த வியாபாரி மறுபடி வந்தால், உரிமக் காகிதத்தை முதலில் காட்டச் சொல். இங்கே சிங்கப்பூரில் இதைவிடக் கடுமை. உரிமம் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தால் சிறையும் பிரம்படியும் உண்டு. நானே ஆசைப்பட்டாலும் ஒரு திருகாணியைக்கூட உனக்கு அனுப்ப முடியாது.

இங்கே சுங்கை ரோட்டில் யுத்தம் முடிந்த காலத்திலிருந்து பழைய ராணுவச் சாமான் விற்ற சந்தை ஒன்று இருந்தது, 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். தண்ணீர்க் குடுவை, பித்தளைப் பொத்தான், தொப்பி பேட்ஜ் எல்லாம் அங்கே பார்த்திருக்கிறேன். பேட்ஜ் விஷயத்திலும் கவனமாக இரு. புதிதாக வார்த்ததையும் பழசுபோலக் காட்டிவிடலாம்.

சரி, வாசகசாலைக்கு என்ன வைப்பது? அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருக்கும் அப்பாவின் படத்தை நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். ஜோகூர் தோட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்த பையன்கள் ஒன்பது பேர் கூடாரத்துக்கு முன்னால் நிற்பார்கள், அப்பா வலது ஓரத்தில். அதை நேற்று ராத்திரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்பா ரைபிளைத் தரையில் ஊன்றி, வலது கையால் நுனியைப் பிடித்திருக்கிறார். குழலின் வாய் முன்கட்டையின் மூக்கைத் தாண்டி வெளியே நீளவில்லை; மூக்கோடு மூக்காக மொட்டையாக முடிகிறது. அதற்குக் கீழே பயனெட் மாட்டும் குமிழ் கட்டைவிரல் பக்கத்தில் துருத்தி நிற்கிறது. ஜப்பான் ரைபிளாக இருந்தால் குழல் கட்டையைத் தாண்டி மெலிந்து நீண்டிருக்கும். ஆகவே அது லீ என்ஃபீல்டு, சந்தேகமில்லை. மேகசினின் அடியும் தெரிகிறது, சரிவாகவே இருக்கிறது. பின்கட்டையில் நீள்வாக்கில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. விரிசலா, படத்தின் கீறலா என்று முதலில் பிடிபடவில்லை. படத்தின் மேற்பரப்பைச் சாய்த்து விளக்கில் பார்த்தேன். காகிதத்தில் கீறல் இல்லை. மரத்தில்தான் விரிசல். அடிபட்ட, யாரோ ஒருவன் ஏற்கெனவே தூக்கி அலைந்த துப்பாக்கியைத்தான் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்டூடியோவில் வாடகைத் துப்பாக்கியோடு எடுத்த படமோ என்று உன் கமிட்டியில் யாராவது கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பின்னால் திரைச்சீலை இல்லை, கூடாரக் கயிறும் சேறும் இருக்கின்றன. ஒன்பது பேர் கையிலும் இருக்கும் ரைபிள்களில் தோள்வார் ஒரே மாதிரி இல்லை. இரண்டு பேருக்குக் கயிறுதான். வாடகைக்கு அலங்காரமாக வைத்திருப்பவன் கயிறு கட்டி வைக்கமாட்டான்.

தங்கச்சி சொன்னாள், உங்கள் ஊரிலேயே ஐ.என்.ஏ.வில் இருந்த இன்னும் சில வீடுகள் இருப்பதாக. ஜான்சி ராணிப் படையில் இருந்த அம்மாள் ஒருவரின் பேத்தி ஆசிரியையாக இருக்கிறாளாமே. அவர்கள் வீட்டுப் படங்களையும் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு. இங்கே கேனிங் ரைசில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து ஆட்கள் பலரின் வாய்மொழிப் பேட்டிகள் ஒலிநாடாவில் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் படைக்குப் போனவர்கள் தங்கள் குரலிலேயே பேசியவை. எவற்றைப் பொதுவில் ஒலிக்கவிடலாம் என்று அங்கே எழுதிக் கேட்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன். வியாபாரி சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவான பணத்தில் நல்ல ஒலிபெருக்கி இரண்டும் கண்ணாடிச் சட்டங்களும் வாங்கிவிடலாம்.

அந்த வியாபாரியிடம் சண்டைக்குப் போகாதே. அவரும் வேறு யாரிடமோ ஏமாந்து வாங்கியவராக இருக்கலாம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். கமிட்டித் தலைவர் வற்புறுத்தினால் மேகசின் படத்தையும் குறிப்பலகைப் படத்தையும் காட்டி, இந்தக் கடிதத்தின் அந்தப் பகுதியை வாசி. அவர் பழைய பட்டாளத்துக்காரர் என்று எழுதியிருந்தாய். 2ஏ1 என்று சொன்னாலே அவருக்குப் புரிந்துவிடும்.

அப்பா படத்தை நல்ல துல்லியத்தில் ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன். மூன்றடி அகலத்துக்கு மேல் பெரிதாக்காதே, புள்ளி புள்ளியாகச் சிதறிவிடும். படத்தின் அடியில் ஒன்பது பேரில் பெயர் தெரிந்த நான்கு பேரையும் எழுதி அனுப்புகிறேன். மற்ற ஐந்து பேரை அடையாளம் காட்டக்கூடியவர்கள் யாராவது முதுகுளத்தூர்ப் பக்கம் உயிரோடு இருக்கிறார்களா என்று தங்கச்சியை விசாரிக்கச் சொல். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நானும் கூட வந்து விசாரிக்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. உன் அத்தை தங்கச்சிக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னாள்.

அன்புடன்,
மாமா.